கறுப்பு ஆற்றின் சிவப்பு மீன்

மீனைப் பிடித்தால் காடு பிழைக்கும் என்கிறது அமேசானில் ஒரு சிற்றூர். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

திருவிழா வந்துவிட்டால் பார்செலோஸ் இரண்டாகப் பிளந்துவிடும். ஊரில் ஒரு பாதி கார்டினல் கட்சி. மறு பாதி டிஸ்கஸ் கட்சி. இரண்டுமே மீன்கள். 1994இல் தொடங்கிய இந்த அலங்கார மீன் விழாவுக்கென்றே ஊரில் ஓர் அரங்கம் இருக்கிறது. பெயர் பியாபோட்ரோமோ. 'பியாபா' என்றால் அந்தப் பக்கத்து மொழியில் பொடி மீன். அரங்கத்தில் இரு அணிகளும் இறகும் ஜிகினாவுமாக ஆடிப் பாடி மோதிக்கொள்ளும். தோற்ற அணிக்கு அடுத்த வருடம் வரை தெருவில் தலைகாட்டக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இத்தனை அமர்க்களத்துக்கும் காரணமான கார்டினல் டெட்ராவின் நீளம் மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும்.

நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை கொளத்தூரிலோ கொல்கத்தா காலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ, பல் டாக்டரின் வரவேற்பறைத் தொட்டியிலோ பார்த்திருப்பீர்கள். மேலே மின்னும் நீலக் கோடு, கீழே ரத்தச் சிவப்பு. சிவப்பு வால் பக்கம் பாதி உடம்போடு நின்றுவிட்டால் அது நியான் டெட்ரா. தலையிலிருந்து வால் வரை நீண்டால் கார்டினல். கடைக்காரர்களே சில சமயம் மாற்றிச் சொல்வார்கள்.

டெட்ரா என்பது ஒரு தனி மீனின் பெயரல்ல. நூற்றுக்கணக்கான சிறு நன்னீர் மீன்களுக்குப் பொதுவாக ஒட்டிக்கொண்ட பெயர். 'நாற்கோணத் துடுப்பு' என்று பொருள்படும் டெட்ராகொனாப்டெரஸ் என்ற நீண்ட விஞ்ஞானப் பெயரை வியாபாரிகள் பாதியாக நறுக்கியதில் பிறந்தது. இவற்றின் சொந்தக்காரர்களில் பிரானாவும் உண்டு என்பதைத் தொட்டி வைத்திருப்பவர்கள் நம்ப மறுப்பார்கள். தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் டெட்ராக்கள் உண்டு. மெக்சிகோவின் குகைகளில் கண்ணே இல்லாத ஓர் இனம்கூட இருக்கிறது. இந்திய ஆறுகளில் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. இங்கே விற்பவை எல்லாம் எப்போதோ கடல் தாண்டி வந்தவை, அல்லது அவற்றின் வாரிசுகள்.

முதலில் புகழ் பெற்றது நியான்தான். 1930களில் அகுஸ்த் ராபோ என்ற பிரெஞ்சுக்காரர் மேல் அமேசானிலிருந்து அதைக் கொண்டுவந்தார். 1936இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. அதே ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலில் சில நியான்கள் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பயணம் செய்தன. ஆட்களுக்கே எளிதில் கிடைக்காத டிக்கெட் அது. கார்டினல் வெளியுலகுக்குத் தெரிந்தது இருபது ஆண்டுகள் கழித்து, 1956இல். அப்போது வேடிக்கையான ஒரு சண்டை நடந்தது. இரண்டு தரப்பு விஞ்ஞானிகள் தனித்தனியாகப் பெயர் சூட்டினார்கள். அச்சில் வந்ததில் ஒரு நாள்தான் வித்தியாசம். அந்த ஒரு நாளில் முந்திய பெயரே நிலைத்தது: பாராகெய்ரோடான் ஆக்ஸெல்ராடி. மீன் வளர்ப்புப் பத்திரிகைகளையும் புத்தகங்களையும் வெளியிட்டுப் பெரும் பணம் சேர்த்த ஹெர்பர்ட் ஆக்ஸெல்ராடின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது.

ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறு. பெயர் மிகையல்ல. காட்டின் மண் வெறும் மணல். அதில் உதிர்ந்த இலைகளின் சாறு மட்கி, வடிந்து, ஆற்றில் கலக்கிறது. ஒரு டம்ளரில் மொண்டு பார்த்தால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். ஆழத்தில் பார்த்தால் மை. உலகின் மிகப் பெரிய கருநீர் ஆறு இதுதான். மனாஸ் நகரத்தருகே சேறு கலங்கிய சோலிமோயெஸ் ஆற்றோடு சேரும்போது, இரண்டு நீரும் சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. டீயும் பாலும் கலக்க மறுப்பதுபோல்.

இந்தத் தண்ணீரில் உப்புகள் ஏறக்குறைய இல்லை, மழைத் தண்ணீர் மாதிரி. அமிலமோ அதிகம். நத்தை ஓடு கட்டக்கூடச் சுண்ணாம்பு கிடைக்காது. இப்படிப்பட்ட பட்டினி நீரில் நூற்றுக்கணக்கான மீன் இனங்கள் வாழ்வது எப்படி என்பது விஞ்ஞானிகளுக்கு நெடுநாள் புதிர். விடை ஆற்றில் இல்லை, காட்டில் இருக்கிறது. ஆண்டுதோறும் வெள்ளம் வரும்போது ஆறு சுமார் பத்து மீட்டர் உயர்கிறது. அதாவது மூன்று மாடி. கரை தாண்டிப் பல கிலோமீட்டர் காட்டுக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் நிற்கிறது. இந்த முழுகிய காட்டுக்கு இகாபோ என்று பெயர். மீன்கள் ஆற்றை விட்டுக் கிளம்பி மரங்களின் இடையே நீந்தப் போகின்றன. பழம், விதை, பூச்சி, இலைச் சருகின் மீது வளரும் நுண்ணுயிர் எல்லாம் அங்கே விருந்து. மரம் இல்லையென்றால் இந்த ஆற்றில் மீனுக்குச் சோறில்லை.

ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1850களின் தொடக்கத்தில் இந்த ஆற்றில் சுற்றி, சுமார் 200 மீன் படங்களைப் பென்சிலால் வரைந்தார். 1852இல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் நடுக்கடலில் எரிந்து, சேகரித்த உயிரினங்கள் எல்லாம் சாம்பலாயின. மீன் படங்கள் வைத்திருந்த தகரப் பெட்டியை மட்டும் அவர் தூக்கிக்கொண்டு படகில் குதித்தார். அந்தப் படங்கள் முழுப் புத்தகமாக வந்தது 2002இல்தான். டார்வினுக்கு இணையாகப் பரிணாமக் கொள்கையைக் கண்டவருக்கே ஒன்றரை நூற்றாண்டுக் காத்திருப்பு!

கார்டினல் வாழ்வது பெரிய ஆற்றில் அல்ல. காட்டுக்குள் ஓடும் சின்ன ஓடைகளில், நிழல் விழும் ஓரத்தில், முழங்கால் அளவு நீரில். அதன் நீலக் கோட்டில் நீலச் சாயமே கிடையாது. தோலிலுள்ள செல்களில் கண்ணுக்குத் தெரியாத படிகத் தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது நீலமாகத் தெரிகிறது. ஜன்னலின் சாய்பலகைகளைத் திருப்புவதுபோல் மீன் இந்தத் தகடுகளின் சாய்வை மாற்றும், நிறமும் மாறும். இரவில் கோடு மங்கிவிடும். காலையில் விளக்கைப் போட்டதும் மீனுக்கு ஏதோ வியாதி என்று பதறிக் கடைக்காரருக்கு போன் செய்யும் புதிய ரசிகர்கள் உண்டு. கொஞ்ச நேரம் பொறுத்தால் நீலம் தானே திரும்பிவிடும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வெள்ளம் வடியும்போது கோடிக்கணக்கான கார்டினல்கள் குட்டைகளில் சிக்கிக்கொள்கின்றன. குட்டை வற்றுகிறது, அல்லது பறவையும் பெரிய மீனும் வந்து துடைத்துவிடுகின்றன. இயற்கையில் கார்டினலின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடத்தோடு சரி. தொட்டியில் நான்கைந்து வருடம் இருக்கும். எஞ்சிய கொஞ்சம் மீன்கள் அடுத்த வெள்ளத்தில் முட்டையிட்டுக் கணக்கைச் சரி செய்துவிடும். பார்செலோஸின் மீனவர்கள், அதாவது 'பியாபெய்ரோ'க்கள், பிடிப்பது இந்த மீன்களைத்தான். சின்னத் தோணி, கைவலை, ஓரத்தில் வைக்கும் பொறி. இன்ஜின் வைத்த இழுவலைக்கு இந்த வேலையில் இடமே இல்லை. விலை ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்று பேசப்படும். பிளாஸ்டிக் தொட்டிகளில் அடுக்கி, ஆற்றுப் படகில் ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்து மனாஸ், அங்கிருந்து விமானம்.

1990களில் இப்படி ஆண்டுக்கு 2 கோடி மீன் வரை ஏற்றுமதியானது. அதில் ஐந்தில் நான்கு பங்கு கார்டினல். ஊரின் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்தப் பொடி மீனால் வந்தது. பார்செலோஸ் முனிசிபாலிடியின் பரப்பு சுமார் 1.22 லட்சம் சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடச் சற்றுக் குறைவு. அத்தனை பெரிய காட்டில் யாரும் மரத்தை வெட்டி மாடு மேய்க்கப் போகவில்லை. ஏன் போக வேண்டும்? நிற்கும் மரம்தான் மீனுக்குத் தீனி, மீன்தான் வீட்டில் அடுப்பு.

இதைக் கவனித்தவர் நிங் லபிஷ் சாவோ என்ற மீனியல் விஞ்ஞானி. 1989இல் அமேசானாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து அவர் தொடங்கிய 'பியாபா திட்டம்' தலைகீழான ஒரு கோஷத்தை உலகுக்குக் கொடுத்தது: ஒரு மீனை வாங்கு, ஒரு மரத்தைக் காப்பாற்று. சுற்றுச்சூழல்காரர்களுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. காட்டு மீனைப் பிடிப்பது பாவம், பண்ணை மீனை வாங்குவது புண்ணியம் என்பதுதானே வழக்கமான பாடம்.

பியாபெய்ரோவின் வாழ்க்கை சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். அரிசி, எண்ணெய், பெட்ரோல் எல்லாம் முதலாளி கடனாகத் தருவார். சீசன் முடிவில் மீனில் கழித்துக்கொள்வார். கழித்த பிறகு கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த சீசனுக்கான கடன். நம் ஊர் மீனவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. லண்டனிலோ டோக்கியோவிலோ ஒரு மீனுக்குக் கொடுக்கும் விலையில் அவருக்குப் போய்ச் சேர்வது தூசு. வழியில் செத்துப்போகும் மீன்களின் கணக்கும் இருக்கிறது. சாவோவின் திட்டத்தில் பாதி உழைப்பு, மீனைச் சாகாமல் கொண்டுபோவது எப்படி என்று கற்றுக்கொடுப்பதில்தான் கழிந்தது.

அப்புறம் பண்ணைகள் வந்தன. நியானைப் பண்ணையில் வளர்க்க ஆசியாக்காரர்கள் எப்போதோ கற்றுவிட்டார்கள். இன்று கடையில் இருக்கும் நியான் ஏறக்குறைய எல்லாமே பண்ணைப் பிள்ளைகள், அமேசானைப் பார்த்ததே இல்லை. கார்டினல் மட்டும் ரொம்ப நாள் பிடிவாதம் பிடித்தது. அதன் முட்டைக்கு வெளிச்சம் ஆகாது. மென்மையான, அமிலம் கலந்த தண்ணீர்தான் வேண்டும். கடைசியில் செக் நாட்டிலும் இந்தோனேசியாவிலும் அந்த ரகசியமும் உடைந்தது. பண்ணை மீனுக்கு நோய் பயம் குறைவு, அளவு ஒரே சீர், வருடம் முழுவதும் கிடைக்கும். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? பார்செலோஸின் ஏற்றுமதி சரிந்தது. 2014இல் பிரேசில் அரசு ரியோ நீக்ரோ அலங்கார மீன்களுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் டார்ஜிலிங் தேயிலைக்கும் உள்ள அதே அந்தஸ்து. சான்றிதழ் வந்தது. சந்தை திரும்பி வரவில்லை.

அப்படியானால் எல்லா ஆற்றிலும் வலையோடு இறங்கிவிடலாமா? கூடாது. அதற்கு உதாரணம் நம்மிடமே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே பாயும் கேரள, கர்நாடக ஓடைகளில் சிவப்புக் கோடு போட்ட ஓர் அழகி இருக்கிறது, வியாபாரிகள் 'மிஸ் கேரளா' என்பார்கள். உலகச் சந்தையில் பெயர் வாங்கிய பிறகு அதைக் கண்மூடித்தனமாகப் பிடித்தார்கள். 2008இல் கேரள அரசு சில மாதங்கள் பிடிக்கத் தடை போட்டது. தடை மாதங்களும் மீன் முட்டையிடும் மாதங்களும் பொருந்தவே இல்லை என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள்! இன்று அது உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வித்தியாசம் சுலபமானது. கார்டினலுக்கு ஒரு கடல் அளவு வெள்ளக்காடு. வருடா வருடம் பெருகிச் சாகும் இனம். மிஸ் கேரளாவுக்குச் சில மலை ஓடைகள். அவற்றிலும் பல அணைக்கட்டு, மணல் கொள்ளை, பூச்சிமருந்தால் சுருங்கியவை. ஒரே வலை, ஒரு ஆற்றில் காவல்காரன், இன்னொன்றில் கொள்ளைக்காரன்.

மீன் வியாபாரம் படுத்த பிறகு பார்செலோஸுக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். டுகுனாரே என்ற பெரிய மீனைத் தூண்டிலில் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் விடும் பணக்காரச் சுற்றுலாப் பயணிகள். 2023 செப்டம்பரில் அப்படி வந்தவர்களின் சிறு விமானம் கனமழையில் பார்செலோஸில் இறங்கும்போது நொறுங்கி, அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள். உலகச் செய்தித்தாள்களில் ஊரின் பெயர் அடிபட்டது அதனால்தான். சுற்றுலாவில் வழிகாட்டி வேலையும் சமையல் வேலையும் கிடைக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் அல்ல, எல்லா மாதமும் அல்ல. மற்றவர்களுக்கு என்ன வழி? ஆற்றின் கிளைகளில் மேலே போனால் தங்கம் இருக்கிறது. பார்செலோஸ் எல்லைக்குள்ளும் நீளும் யானோமாமி பழங்குடிகளின் நிலத்தில் சட்டவிரோதச் சுரங்கக்காரர்கள் நுழைந்து, பாதரசம் கலந்து, நோய் பரப்பி, 2023 ஜனவரியில் பிரேசில் அரசு மருத்துவ அவசர நிலையே அறிவிக்க வேண்டி வந்தது. வலையைக் கீழே போட்ட இளைஞனுக்கு அந்தப் பக்கம் இழுப்பு இருக்கத்தான் செய்யும்.

இதற்கிடையே ஆறும் தன் தாளத்தை மறக்கிறது. மனாஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் குறித்து வருகிறார்கள். 2021 ஜூனில் அது 30 மீட்டரைத் தாண்டி, வரலாறு காணாத வெள்ளம். இரண்டே வருடத்தில், 2023 அக்டோபரில், 12.7 மீட்டருக்கு இறங்கி, வரலாறு காணாத வறட்சி. 2024இல் அந்தச் சாதனையும் உடைந்து இன்னும் கீழே போனது. ஓடைகள் வெறும் மணலாகி, படகுகள் தரை தட்டின. வெள்ளம் காட்டுக்குள் எப்போது வரும், எத்தனை மாதம் நிற்கும் என்ற கணக்கில்தான் கார்டினலின் ஒரு வருட வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பண்ணையில் பிறந்த கார்டினலுக்கு இந்தக் கவலை ஏதுமில்லை. கடைத் தொட்டியில் அதுவும் அதே நீலத்தில் மின்னுகிறது. கண்ணாடியில் ஒட்டிய சீட்டில் பெயர் இருக்கும், ஜோடி விலை இருக்கும். எந்த ஆறு என்று எழுதியிருக்காது.