நஞ்சைச் சுமக்கும் மருந்து

கொம்பில்லாப் பசுக்கள் இறைவனை வழிபட்டுக் கொம்பு பெற்ற தலமென்று புராணம் கூறும் திருவாமாத்தூர் தன் பெயரிலேயே 'ஆ'வைத் தாங்கி நிற்கிறது. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தையோ மரவள்ளித் தழையையோ மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மூச்சுத் திணறிச் சாயக்கூடும் என்பது அவ்வூரைச் சூழ்ந்த விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் மாடு வளர்ப்போர் அஞ்சவேண்டிய ஒன்று. அத்தழை செரிக்கையில் வெளிப்படும் சயனைடு, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதே இதற்குக் காரணம். அதே சயனைடைச் சுமந்திருக்கும் சோடியம் நைட்ரோபுரூசைடு, நோயுற்ற நாயின் உயிர்காக்கும் மருந்தாகவும் விளங்குவது வியப்புக்குரியது.

இரும்பு அணு ஒன்றைச் சுற்றி ஐந்து சயனைடுத் தொகுதிகளும் ஒரு நைட்ரிக் ஆக்சைடும் அமைந்த இச்சேர்மம், சிரை வழியே செலுத்தப்பட்டதும் நைட்ரிக் ஆக்சைடை விடுவிக்க, அது இரத்தக் குழாய்ச்சுவரின் தசையைத் தளர்த்தி, ஓரிரு நிமிடங்களில் இரத்த அழுத்தத்தைத் தணிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடின் இப்பணியைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. முதிய நாயின் ஈரிதழ் வால்வு பழுதாகி, குருதி பின்னோக்கிக் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்து, சிறுநீர் பெருக்கும் மருந்தால் மட்டும் நிலைமை தேறாதபோது, இம்மருந்தால் குழாய்கள் விரிவதால் இதயத்தின் சுமை குறைகிறது. அழுத்தம் மிகுந்த பூனைகளுக்கோ பெரும்பாலும் வாய்வழி அம்லோடிபின் போதும்.

சொட்டு நின்ற சில நிமிடங்களில் விளைவும் மறைவது இம்மருந்தின் சிறப்பு; அளவு சற்று மிகுந்தாலும் அழுத்தம் சரிந்துவிடுவது அதன் ஆபத்து. ஆகவே சொட்டளவை நுட்பமாகக் கட்டுப்படுத்தும் பம்பும், இடைவிடாத அழுத்த அளவீடும் இன்றியமையாதவை. ஒளி பட்டால் சிதையும் கரைசலை அலுமினியத் தாளால் சுற்றிவைத்து, அது நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் கொட்டிவிட வேண்டும். அளவீட்டிலும் பொறுமை தேவை: காலில் சுற்றும் பட்டையின் அகலம் அக்காலின் சுற்றளவில் 30 முதல் 40 விழுக்காடு இருக்க வேண்டும்; அச்சமே அழுத்தத்தை உயர்த்துமாதலால், முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்து வருபவற்றின் சராசரியைக் கொள்வது முறை.

மிகுந்த அளவில் நெடுநேரம் செலுத்தினால் சயனைடு உடலில் தேங்கும். கல்லீரலின் நொதியொன்று தயோசல்பேட்டிலிருந்து கந்தகத்தைப் பெற்றுச் சயனைடைத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரலோ சிறுநீரகமோ தளர்ந்த விலங்குக்கு இவ்வழி அடைபடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். சோளம் தின்று விழுந்த மாட்டுக்கு மருத்துவர் ஊசியில் ஏற்றுவதும் இதே சோடியம் தயோசல்பேட்தான். பம்பும் அழுத்தமானியும் இல்லாத கிராம மருந்தகத்தில் நைட்ரோபுரூசைடுக்கு இடமில்லை. தயோசல்பேட்டோ, கோடை தொடங்குமுன்பே அங்கு இருப்பில் இருந்தாக வேண்டும்.