பள்ளி மதிப்பெண்ணும் கல்லூரி வாயிலும்



கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் வாழும் நம்மவர் பலர், "நுழைவுத் தேர்வு நன்றாக எழுதினால் போதும், பள்ளித் தேர்வைப் பற்றிக் கவலை எதற்கு?" என்று எண்ணுகின்றனர். இரயில்வே குமாஸ்தாவாகிய நாமும் 2025ஆம் ஆண்டில் அவ்வாறே எண்ணி, எம் தம்பியைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினோம். நுழைவுத் தேர்வு நன்றாகவே அமைந்தது. ஆயின் பிளஸ் டூவில் வேதியியல் மதிப்பெண் சரிந்தது, தரவரிசையில் பின்தங்கினான், விரும்பிய அரசுக் கல்லூரி கிட்டவில்லை.

காரணம் யாது? கேரளப் பொறியியல் தரவரிசைக்குரிய 600 புள்ளிகளில் 300 மட்டுமே நுழைவுத் தேர்வுக்கு உரியவை. எஞ்சிய 300 பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைச் சார்ந்தவை. தமிழகத்திலோ 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வே இல்லை. இம்மூன்று பாடங்களையே 200க்குக் கணக்கிடுகின்றனர். மருத்துவத்திற்கு நீட் தேர்வு உண்டெனினும், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் தேர்ச்சி பெறாவிடில் தகுதியே இல்லை.

குறைந்த மதிப்பெண்ணால் வாழ்வு முடிந்துவிடாது. சித்தூர், மூணாறு அரசுக் கல்லூரிகளில் தமிழ் இளங்கலை உண்டு. அங்கும் இடம் தருவது பிளஸ் டூ மதிப்பெண்ணே என்பதை மறத்தலாகாது.

ஆதலின், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளையுள்ள இல்லத்தார் பள்ளிப் பாடத்தையும் தினமும் கேட்டறிவீர்களாக! வண்டி புறப்பட்டபின் பயணச்சீட்டுக்கு ஓடுவது வீண் என்பதை எம் அலுவலில் நாள்தோறும் காண்கின்றோம்.