முதல் பைக்கே 190 கிலோவா? க்ரூசர், பாபர் - எது உங்களுக்கு சரி?

காஞ்சீபுரம்:-

லைசென்சு கைக்கு வந்ததுமே "தாழ்வான சீட் வைத்த பெரிய பைக்தான் வேணும்" என்று வீட்டில் அடம் பிடிக்கும் வாலிபர்கள் ஏராளம். அப்பா ஒரு வழியாக சம்மதித்தாலும், ஷோரூமுக்கு போனதும் அடுத்த குழப்பம் ஆரம்பித்து விடுகிறது. க்ரூசர் வாங்குவதா? பாபர் வாங்குவதா?

இரண்டுக்கும் நல்ல உதாரணம் காஞ்சீபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளில் தொழிற்சாலை வைத்துள்ள ராயல் என்பீல்டு நிறுவனம், 2020-ம் ஆண்டு நவம்பரில் மீட்டியோர் 350 என்ற க்ரூசரை அறிமுகம் செய்தது. 2024-ம் ஆண்டு நவம்பரில் கோவன் கிளாசிக் 350 என்ற பாபர் வந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே வகை 349 சி.சி. என்ஜின்தான். ஆகவே "எது வேகம்?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. வித்தியாசம் எல்லாம் உட்காரும் விதத்தில்தான்.

எப்படி இருக்கும்?

க்ரூசர் என்பது நெடுந்தூர பயணத்துக்கானது. அகலமான சீட், முன்னால் நீட்டி வைக்கும் கால், பின்னால் ஒருவர் வசதியாக உட்கார இடம். மீட்டியோரின் சீட் உயரம் 765 மி.மீ., எடை 191 கிலோ. டேங்கில் 15 லிட்டர் பெட்ரோல் பிடிக்கும்.

பாபர் என்பது வெட்டிக் குறைத்த வண்டி. அந்தக் காலத்தில் அமெரிக்க வாலிபர்கள் எடையை குறைக்க மட்கார்டை வெட்டி, தேவையில்லாததை கழற்றி வீசியதில் பிறந்த ஸ்டைல் இது. கோவன் கிளாசிக்கின் சீட் உயரம் 750 மி.மீ.தான். ஆனால் எடை 197 கிலோ. ஓட்டுபவருக்கு தனி சீட். பின் சீட்டை கழற்றி மாட்டலாம். ஹேண்டில்பார் உயரமாக தூக்கி இருக்கும்.

யு டர்னில் ஜாக்கிரதை

தாழ்வான சீட் என்பதால் சிக்னலில் இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். குள்ளமானவர்களுக்கு இது பெரிய தைரியம். ஆனால் வீட்டில் இருக்கும் ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோ. அதைவிட இது 80 கிலோ கூடுதல். வண்டி ஒரு பக்கம் சாய ஆரம்பித்து விட்டால் புதியவரால் தாங்கிப் பிடிப்பது கஷ்டம். கால் அடியில் மாட்டினால் எலும்பு முறிவு கூட ஏற்படலாம்.

நம் ஊரில் யு டர்ன் வலது பக்கம்தான். ஹேண்டிலை வலது பக்கம் முழுசாக திருப்பும்போது கிளட்ச் பிடிக்கும் இடது கை முன்னால் இழுபடும். ஹேண்டில்பார் உயரமாக இருந்தால் கை இன்னும் எட்டாமல் போகலாம். கிளட்ச் நழுவினால் வண்டி குலுங்கி நின்று சாய்ந்து விடும்.

கால் முன்னால் இருப்பதால் வேகத்தடையில் சட்டென்று எழும்பி நிற்கவும் முடியாது. குலுக்கல் நேராக இடுப்புக்கு வரும். வேகத்தை முன்கூட்டியே குறைப்பதுதான் ஒரே வழி.

விலை விஷயம்

350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட சி.சி. என்றால் 40 சதவீதம். இந்த இரண்டு வண்டிகளும் குறைந்த வரிக்குள்தான் வருகின்றன.

ஷோரூமில் செய்ய வேண்டியது

* ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்து, இரண்டு பாதமும் முழுசாக பதிகிறதா என்று பாருங்கள்.

* ஹேண்டிலை இரு பக்கமும் முழுசாக திருப்பி, கிளட்சை அழுத்தி பாருங்கள்.

* என்ஜினை போடாமல் பின்னால் தள்ளி பாருங்கள். வீட்டு வாசலில் தினமும் செய்யப் போகும் வேலை அது.

* பின்னால் உட்காரப் போகும் அம்மாவையோ மனைவியையோ கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.

வீட்டுக்கு ஒரே வண்டி, பின்னால் ஆள் ஏறும் என்றால் க்ரூசர்தான் சரி. தனியாக மட்டும் ஓட்டப் போகிறவர், கை நீளம் ஒத்து வருகிறது என்றால் பாபர் வாங்கலாம். கியர் வண்டியே ஓட்டி பழகாதவரோ, இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டு, முதலில் எடை குறைந்த பைக்கில் காலி மைதானத்தில் யு டர்ன் அடித்து பழகுவது நல்லது. ஹெல்மெட் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம். பட்ஜெட் போடும்போதே 2 ஹெல்மெட்டுக்கும் சேர்த்து பணம் எடுத்து வையுங்கள்.