பைத்தியம் நடத்திய விசாரணை

ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், புயலுக்கு ஒதுங்கிய ஒரு குடிலில் விசாரணை நடக்கிறது. குற்றவாளிகள் லியர் மன்னனின் இரண்டு மகள்கள். இருவருமே அங்கே இல்லை. மூத்தவளுக்குப் பதிலாக ஒரு மர ஸ்டூல். நீதிபதி, கந்தல் சுற்றிய பைத்தியக்காரப் பிச்சைக்காரன். துணை நீதிபதி அரண்மனைக் கோமாளி. பெற்ற தகப்பனை எட்டி உதைத்தாள் என்பது பிராது. நடுவில் குற்றவாளி தப்பிவிட்டதாக நினைத்து, நீதி விலைபோய்விட்டது என்று அலறுகிறான் லியர்.

கோர்ட்டில் பெஞ்சு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் நெஞ்சை அடைக்கும் காட்சி இதுதான். புத்தி கலங்கிய அந்தக் கிழவன் இரக்கம் கேட்கவில்லை. நீதிபதிகளை முறையாக உட்கார வைக்கிறான், சாட்சியத்தைக் கொண்டுவரச் சொல்கிறான். நாட்டையே மகள்களுக்கு எழுதிக் கொடுத்தவனுக்கு, முறையிட வேறு இடம் இல்லை. 1608 பதிப்பில் இருக்கும் இந்த விசாரணை, 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் இல்லை.

மறுமலர்ச்சிக் கால இங்கிலாந்தின் நாடகங்களில் நீதி கிடைக்காதவர்களே பெரும்பாலும் பைத்தியமாகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷேக்ஸ்பியருக்கு முன்னோடியான தாமஸ் கிட் எழுதிய ‘ஸ்பானிஷ் டிராஜெடி’யில் ஹியரோனிமோ நீதி வழங்கும் அதிகாரி. அவர் மகனைக் கொன்றவர்களில் ஒருவன் அரசனின் தம்பி மகன். அரசனிடம் முறையிடப் போனால் அந்தத் தம்பி மகனே குறுக்கே நிற்கிறான். கடைசியில், மனு கொடுக்க வந்த ஏழைகளின் காகிதங்களை ஹியரோனிமோ பல்லால் கிழித்துப் போடுகிறார். ஆயுள் முழுக்க மனுக்கட்டுகளோடு வாழ்ந்தவனுக்கு அதைப் படிக்கையில் உடம்பு நடுங்குகிறது.

அன்று எந்த நாடகமும் அரசவை அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகே மேடையேறலாம். 1605இல் ஸ்காட்லாந்துக்காரர்களைக் கேலி செய்த ‘ஈஸ்ட்வர்ட் ஹோ’ நாடகத்துக்காக, அதை எழுதியவர்களில் பென் ஜான்சனும் சாப்மனும் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டு, 1606 டிசம்பர் 26 அன்று, ‘லியர்’ மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னாலேயே வொயிட்ஹால் அரண்மனையில் நடந்தது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்கப் பாடுபட்டவர் ஜேம்ஸ். மேடையில் ஒருவன் ராஜ்யத்தைக் கூறு போடுகிறான். லியரின் மருமகன்களுக்கு உள்ள கார்ன்வால், ஆல்பனி பட்டங்கள் ஜேம்ஸின் மகன்களுக்கும் உண்டு. அந்தச் சபையில், பதவியில் இருந்தால் நாய்க்கும் கீழ்ப்படிவார்கள் என்றும், பட்டாடை எல்லாக் குற்றத்தையும் மூடிவிடும் என்றும் லியர் பேசுகிறான். தெளிந்த புத்தியுள்ள பாத்திரம் இவ்வளவு பேசியிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

நீதிபதியாக உட்கார்ந்த அந்தப் பிச்சைக்காரன் உண்மையில் எட்கர் என்னும் பிரபு மகன். உயிர் தப்ப வேஷம் போட்டவன். ஊர் ஊராகச் சவுக்கடி பட்டதாகச் சொல்கிறான். 1572ஆம் ஆண்டுச் சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நடிகர்களையும் நாடோடிகள் பட்டியலில்தான் சேர்த்தது. அவர்களுக்கும் அதே சவுக்குத்தான். ஷேக்ஸ்பியர் குழுவைக் காத்தது ராஜா கொடுத்த பெயர் ஒன்றே. எட்கர் வேஷம் கட்டிய நடிகனுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

இருநூறு ஆண்டு கழித்து இங்கிலாந்துக்கு நிஜமாகவே புத்தி பேதலித்த அரசர் வாய்த்தார், மூன்றாம் ஜார்ஜ். 1810 முதல் லண்டன் மேடைகளில் லியரைக் காணோம். 1820 ஜனவரியில் ஜார்ஜ் இறந்தார்; அந்த ஆண்டே நாடகம் திரும்ப வந்தது.