டைமிங் பெல்ட் அறுந்தால் என்ஜினுக்கு ஆபத்து!

கோவை:
பழைய மாருதி 800, சான்ட்ரோ கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது டைமிங் பெல்ட். இந்த என்ஜின்களில் செயின் கிடையாது. ரப்பர் பெல்ட்தான்.

கீழே கிராங்க் 2 சுற்று சுற்றினால் மேலே கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். அந்த கணக்கை காப்பது இந்த பெல்ட். அறுந்தால் போச்சு! பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும். வால்வு வளைந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டும். பெல்ட் விலை எங்கே, அந்த செலவு எங்கே!

புது பெல்ட் மாட்டும்போது கிராங்க், கேம் பல்சக்கரங்களில் உள்ள குறிகள், என்ஜினில் உள்ள குறிகளோடு நேராக நிற்கணும். டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் தொய்வு இருக்கவே கூடாது.

மாட்டி முடித்ததும் சாவியை திருப்பிடாதீங்க. முதலில் ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடும் திசையில் கிராங்க்கை கையாலேயே 2 முழு சுற்று சுற்ற வேண்டும். நடுவில் தட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்தணும். குறிகள் மறுபடி சேர்ந்தால் ஓகே. ஒரு பல் தள்ளி நின்றாலும் கழற்றி திரும்ப மாட்டணும்.

டென்ஷனர் பேரிங் சத்தம் போட்டால் அதையும் சேர்த்து மாற்றிடுங்க. பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியாவிட்டால், புதுசு போட்டபிறகு வண்டியை எடுங்க.