சேற்றில் இறங்கும் இரும்பு – 9: தடித்த ஆக்சில் மட்டும் போதுமா?

மேட்டூர் அணை திறக்கும் நாளில்தான் டெல்டாவின் டிராக்டர்களுக்கும் தேதி குறிக்கப்படுகிறது. வழக்கமான நாள் ஜூன் 12. 2022-ல் மே 24 அன்றே தண்ணீர் விட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எந்தத் தேதியானாலும், வாய்க்காலில் தண்ணீர் ஏறியதும் ஊரே ஒன்றாக வண்டி கேட்கும். அந்த நேரத்தில் ஆக்சில் முறிந்து வண்டி நடுவயலில் நின்றால், வண்டிக்காரருக்கு வாடகை போகும். அடுத்து காத்திருப்பவரின் நாற்று முற்றிப்போகும்.

அதனால்தான் கோடையிலேயே பட்டறைகளில் இந்தப் பேச்சு எழுகிறது: "கம்பெனி ஆக்சிலைக் கழட்டிட்டு ஹெவி டியூட்டியா ஒண்ணு போட்டுடலாமா?"

போடலாம். ஆனால் தடிமனை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். உருண்டைத் தண்டின் விட்டத்தைப் பத்து சதவீதம் கூட்டினால், வளைவைத் தாங்கும் வலு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். இது உண்மையான லாபம்தான். ஆனால் அதே தடிமனில் EN8 என்ற சாதாரணக் கார்பன் எஃகும் கிடைக்கும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த EN19-உம் கிடைக்கும். அதோடு நிக்கலும் சேர்ந்த EN24-உம் கிடைக்கும். என்ன எஃகு, முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தியதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்து, ஆக்சில் ஏன் முறிகிறது என்று பார்க்க வேண்டும். சேற்றுழவுக்கு டயருக்கு வெளியே அரை கேஜ் வீல் மாட்டுகிறோம். சுமை தாங்கும் இடம் பேரிங்கிலிருந்து விலகி வெளியே போகிறது. வண்டி சாய்ந்து வரப்பில் ஏறும்போது, மொத்தப் பாரமும் அந்த வெளி விளிம்பில் விழுந்து ஆக்சிலை வளைக்கிறது. அகலம் குறைந்த கேஜ் வீலை மாட்டுவதும், வரப்பை வெட்டிச் சரித்து வண்டியை நேராக ஏற்றுவதும் பல வண்டிகளில் புது ஆக்சிலைவிட அதிகம் உதவும்.

ஆனால் டெல்டாவில் ஆக்சிலின் முதல் எதிரி பாரமல்ல, சேறு. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கக் களிமண்ணில் சக்கரம் புதைந்தால் ஹப் முழுதும் மூழ்கிவிடும். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் வண்டி அவ்வளவு புதையாது; ஆனால் மணல் கலந்த மண் ஆயில் சீலின் உதட்டை அராவித் தின்னும். சீல் உரசி உரசித் தண்டிலேயே பள்ளம் விழுந்துவிட்டால், எத்தனை புது சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது. கேசட் சீலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பல உதடுகளும் அவை உரசும் வளையமும் அதற்குள்ளேயே இருப்பதால் தண்டு தேயாது. விலை கூடுதல்தான். ஆனாலும் ஹெவி டியூட்டி என்று செலவழிக்கும் பணத்தில் முதல் பங்கு இதற்கே போக வேண்டும் என்பேன்.

நான்கு சக்கர இழுவை வண்டியானால் முன் ஆக்சிலையும் பாருங்கள். குபோட்டா போன்ற ஜப்பானிய வடிவமைப்புகளில், பெவல் கியர்கள் மூடிய கூட்டுக்குள் ஆயிலில் சுழன்று, விசையை மேலிருந்து சக்கரத்துக்கு இறக்குகின்றன. ஆக்சிலின் உடல் சக்கர மையத்தைவிட உயரத்தில் நிற்கிறது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் உழவு வண்டியாகவே பிறந்த உனிமாக்கும் ஆக்சிலை இப்படி உயர்த்தி வைத்துத்தான் மேடு பள்ளங்களைக் கடந்தது. சேற்று வயலுக்கு இந்த உயரம் பெரிய வரம். வெளிச்சந்தை ஆக்சில் வாங்கி இதை இழந்துவிடக் கூடாது.

குறுவை நடவு முடிந்ததும் வடிகால் திருகைக் கழற்றிக் கொஞ்சம் ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றாமல் சம்பா உழவுக்கு இறக்கினால் முதலில் பேரிங் போகும். ஆக்சில் அதற்குப் பிறகுதான்.

அடுத்த வாரம்: டிரெய்லர் ஆக்சில்.