இருபது வருடம் கடந்தால் வழக்கு முடிந்துவிடுமா?

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களின் போராட்டத்திற்கு நான் பல தடவைகள் போயிருக்கிறேன். நான் ஒரு சட்டத்தரணி. போகும்போதெல்லாம் யாராவது ஒரு கடிதத்தைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். ஒருநாள் ஓர் அம்மா கடிதம் எதையும் காட்டவில்லை. பக்கத்தில் வந்து இருந்து இப்படிக் கேட்டார்.

“தம்பி, இருபது வருசம் கழிஞ்சா வழக்குப் போட ஏலாதெண்டு சொல்லினம். அப்ப இருபத்தொன்பதாம் ஆண்டோட என்ர பிள்ளையின்ர கதை முடிஞ்சுதோ?”

அவருடைய மகன் 2009 மே மாதம் இராணுவத்திடம் சரணடைந்தவர். 2009உடன் இருபதைக் கூட்டினால் 2029. அம்மாவின் கணக்கில் பிழையில்லை. அன்று அவருக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

இருபது வருடக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவிலிருந்து வருகிறது. கொலைக்கும் தேசத்துரோகத்திற்கும் எத்தனை வருடம் கழிந்தாலும் வழக்குத் தொடரலாம். விசேட ஏற்பாடு இல்லாத ஏனைய குற்றங்களுக்கு, குற்றம் புரியப்பட்ட நாளிலிருந்து இருபது வருடங்கள் கடந்தால் வழக்குத் தொடரும் உரிமை இல்லாமற் போகும். ஆட்கடத்தலும் சட்டவிரோதத் தடுத்துவைப்பும் இந்த ‘ஏனைய குற்றங்களில்’ அடங்கும்.

இதனால் குடும்பங்களுக்கு ஏற்படும் நெருக்கடியைப் பாருங்கள். காலத்தடை இல்லாத வழக்கு வேண்டுமென்றால் அது கொலை வழக்காக இருக்கவேண்டும். அதற்குப் பிள்ளை இறந்துவிட்டான் என்று சொல்லவேண்டும். பிள்ளை உயிரோடு இருக்கிறான், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அது கடத்தல் வழக்காகும். அதற்கு இருபது வருட எல்லை உண்டு. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேரின் குடும்பங்களுக்கும், 1996இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கும் அந்த எல்லை எப்போதோ கடந்துவிட்டது.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. குற்றம் ‘புரியப்பட்ட நாள்’ எது?

ஒருவர் உங்கள் வீட்டுக்குக் கல் எறிந்தால் அந்தக் குற்றம் அந்தக் கணத்திலேயே முடிந்துவிடும். அதே ஆள் உங்கள் பிள்ளையை ஓர் அறைக்குள் பூட்டி வைத்திருந்தால், பூட்டிய நாளுடன் குற்றம் முடிவதில்லை. கதவு திறக்கப்படும்வரை அது ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருக்கிறது. வலிந்து காணாமலாக்குதல் இந்த இரண்டாவது வகை என்பதே சர்வதேச சட்டம் படிப்படியாக வந்தடைந்த முடிவு. ஆளுக்கு என்ன நடந்தது என்று சொல்லப்படாதவரை அந்தக் குற்றம் தொடர்கிறது. இதைத் தொடரும் குற்றம் என்கிறோம். இந்த முடிவை நீதிமன்றங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களே.

சிலியில் நடந்தது

சிலியில் 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி ஜெனரல் பினோசே தலைமையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1978இல் அந்த ஆட்சியே தனக்கு ஒரு பொதுமன்னிப்புச் சட்டத்தை எழுதிக்கொண்டது. ஆட்சிக் கவிழ்ப்பு நாளிலிருந்து 1978 மார்ச் 10 வரை நடந்த குற்றங்களை அது மூடியது. ஆட்களைப் பிடித்துச்சென்று மறைத்த சம்பவங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்திற்குள்ளேயே நடந்தவை. ஜனநாயகம் திரும்பிய பின்னரும் அந்தச் சட்டம் நீக்கப்படவில்லை.

1998இலிருந்து பினோசேக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரித்த நீதிபதி ஹுவான் குஸ்மான் வேறு வழியால் போனார். சடலம் கிடைக்காத வழக்குகளைக் கொலையாகக் கொள்ளாமல், இன்னும் முடியாத கடத்தலாகக் கொண்டார். பொதுமன்னிப்பு 1978 மார்ச் வரை நடந்து முடிந்த குற்றத்துக்குத்தான் உரியது. இந்தக் கடத்தல் அன்று முடிந்ததற்கு ஆதாரம் எங்கே? கொன்றுவிட்டோம் என்று இராணுவம் சொல்வதானால், எங்கே, எப்போது என்று காட்டவேண்டும். காட்டாதவரை மன்னிப்பும் இல்லை, காலத்தடையும் இல்லை.

1975 ஜனவரியில் தலைநகர் சந்தியாகோவில் பிடிக்கப்பட்டு மறைந்துபோன ஓர் இளம் தையற்காரரின் வழக்கு இந்த வாதத்தோடு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2004 நவம்பர் 17ஆம் திகதி, இரகசியப் பொலிஸின் முன்னாள் தலைவர் மனுவெல் கொன்ட்ரேராஸுக்கு விதிக்கப்பட்ட 12 வருடச் சிறைத்தண்டனையை அந்த நீதிமன்றம் உறுதிசெய்தது. பொதுமன்னிப்பு பொருந்தாது என்று தீர்த்தது. சம்பவம் நடந்து அப்போது 29 வருடங்கள் கடந்திருந்தன.

குவாத்தமாலாவில் நடந்தது

எங்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் குவாத்தமாலா. அங்கு வலிந்து காணாமலாக்குதல் தனிக் குற்றமாகத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது 1996இல். ஆனால் சொவாத்தலும் என்ற மாயா பழங்குடிக் கிராமத்திலிருந்து ஆறு பேர் 1982க்கும் 1984க்கும் இடையில் காணாமலாக்கப்பட்டிருந்தனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் இராணுவத்துக்காக அந்தக் கிராமத்தில் வேலைசெய்த உள்ளூர்வாசி. 1996இல் வந்த சட்டத்தை 1982இல் நடந்ததற்குப் பாவிக்க முடியாது என்பது அவர் தரப்பு வாதம்.

2009 ஜூலையில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. சட்டம் வந்த நாளிலும் அந்த ஆறு பேருக்கும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. ஆகவே சட்டம் வந்த பின்னரும் குற்றம் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சட்டம் பழைய குற்றத்தின் மேல் பாயவில்லை, நடப்புக் குற்றத்தின் மேல்தான் பாய்கிறது. 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி, ஒருவருக்கு 25 வருடங்கள் வீதம் 150 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

சைப்பிரஸ் சொல்லும் எச்சரிக்கை

1974இல் துருக்கி இராணுவம் சைப்பிரஸுக்குள் புகுந்தபோது காணாமற்போன ஒன்பது பேரின் வழக்கை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2009 செப்டெம்பர் 18ஆம் திகதி தீர்த்தது. தனிநபர்கள் தனக்கு எதிராக அந்த அமைப்பிடம் மனுச்செய்யும் உரிமையைத் துருக்கி ஏற்றது 1987இல். ஆகவே 1974இல் நடந்தது எல்லைக்கு வெளியே என்று துருக்கி வாதிட்டது. பதில் சொல்லவேண்டிய கடமை தொடர்கிறது, 34 வருடங்கள் கழிந்ததால் அது அழியாது என்றது நீதிமன்றம்.

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. குற்றம் தொடர்கிறது என்பதற்காகக் குடும்பம் எத்தனை காலமும் சும்மா இருந்துவிட்டு வரமுடியாது. பத்து வருடங்களுக்கு மேல் தாமதித்தால், அந்தக் காலத்தில் ஏதோ ஒரு முன்னேற்றம் நடந்துகொண்டிருந்ததாலேயே காத்திருந்தோம் என்று குடும்பம் காட்டவேண்டும். இலங்கை அந்த நீதிமன்றத்தின் கீழ் வருவதில்லை. என்றாலும் எந்த நீதிபதியும் கேட்கக்கூடிய கேள்வி இது: இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள்?

எங்கள் பக்கம்

இந்த வாதம் எங்களுக்குப் புதிதல்ல. 1990 ஜூனில் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்ட மகனுக்காகத் திருகோணமலையைச் சேர்ந்த ஒரு தந்தை ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் முறையிட்டார். தனிநபர் முறைப்பாட்டு முறையை இலங்கை 1997இல்தான் ஏற்றிருந்தது. அதற்கு முந்தியது என்று அவரது முறைப்பாட்டைக் குழு தள்ளவில்லை. மீறல் அதற்குப் பின்னரும் தொடர்ந்திருக்கக்கூடும் என்று எடுத்து விசாரித்து, 2003 ஜூலையில் அவருக்குச் சார்பாக முடிவு சொன்னது. மகனின் உரிமை மட்டுமன்றி, வருடக்கணக்காகத் தவிக்கவிடப்பட்ட தாய் தந்தையின் உரிமையும் மீறப்பட்டதாகக் கூறியது. ஆனால் 2006 செப்டெம்பரில் எங்கள் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், இலங்கை அந்த முறையை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. வெளியே பெற்ற முடிவை உள்நாட்டில் நிறைவேற்றும் வழி அதனுடன் அடைபட்டது.

பின்னர் 2016 மே மாதம் வலிந்து காணாமலாக்குதலுக்கு எதிரான சர்வதேச சமவாயத்தை இலங்கை அங்கீகரித்தது. குற்றத்தின் தொடரும் தன்மையைக் கருத்திற்கொண்டு, அது முடிவுற்ற நாளிலிருந்தே காலத்தடையைக் கணக்கிடவேண்டும் என்று அதன் 8ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் 35ஆம் உறுப்புரையின்படி, சமவாயம் நடைமுறைக்கு வந்த பின்னர் தொடங்கிய சம்பவங்களைத்தான் அதன் குழு ஆராயலாம். 2009 சம்பவங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

உள்நாட்டில் இருப்பது 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். வலிந்து காணாமலாக்குதலை அது 20 வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இது எதிர்காலத்துக்கான சட்டம் என்றே அன்றைய அரசு விளக்கமளித்தது. குவாத்தமாலாவில் எழுந்த கேள்வி இங்கும் அப்படியே எழுகிறது. 2018இல் சட்டம் வந்த நாளில் அந்த அம்மாவின் மகனுக்கு என்ன நடந்தது என்று யாராவது சொல்லியிருந்தார்களா?

அரசியலமைப்பின் 13(6)ஆம் உறுப்புரை பின்னோக்கிச் செல்லும் தண்டனைச் சட்டங்களைத் தடுக்கிறது. ஆனால் அதே உறுப்புரை, உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுவான சட்டக் கோட்பாடுகளின்படி அன்றே குற்றமாக இருந்த செயலை விசாரித்துத் தண்டிப்பதற்குத் தடையில்லை என்றும் சொல்கிறது. வாதத்திற்கு இடமுண்டு. அதை முன்வைக்கச் சட்டமா அதிபருக்கு மனம் வேண்டும், ஏற்க நீதிபதிக்குத் துணிவு வேண்டும். சிலியில் அதற்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் எடுத்தது.

சான்றிதழ் பற்றிய பயம்

மரணச் சான்றிதழை வாங்கினால் வழக்கு செத்துவிடும் என்ற பயம் எங்கள் சனத்திடம் உண்டு. அதில் அர்த்தமில்லாமல் இல்லை. 1940இல் கட்டின் காட்டுப் பகுதியில் சோவியத் பொலிஸார் கொன்ற போலந்துக் கைதிகளின் உறவினர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் காணாமற்போனவர்கள் அல்லர், அன்றே இறந்தவர்கள் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் கொண்டது. ‘இறந்தவர்’, ‘காணாமலாக்கப்பட்டவர்’ என்ற வேறுபாடு சட்டத்தில் கனமானது.

ஆனால் காணியை மாற்றவும் வங்கிக் கணக்கை எடுக்கவும் குடும்பத்துக்கு ஏதோ ஒரு பத்திரம் தேவை. இதற்காகவே ஆர்ஜென்டீனா 1994இல், ஆள் இறந்ததாக அறிவிக்காமல் ‘வலிந்து காணாமலாக்கப்பட்டமையால் இல்லாதவர்’ என்ற தனி நிலையைச் சட்டமாக்கியது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இங்கு வந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இந்த வகையானது. அது மரணத்தை ஒப்புக்கொள்வதல்ல. குடும்பத்தின் சொத்து, நலன்புரி விடயங்களைச் சீர்செய்வதால் ஆளைத் தேடி விசாரிக்கும் கடமை குறையாது என்று சமவாயத்தின் 24ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

வீட்டில் இருக்கும் கடதாசிகள்

நான் எல்லோரிடமும் கேட்பது ஒன்றுதான். முதல் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம், நல்லிணக்க ஆணைக்குழுவிலும் பரணகம ஆணைக்குழுவிலும் சாட்சியம் சொன்ன திகதி, காணாமற்போனோர் அலுவலகத்தின் கடிதம், எதையும் எறியாதீர்கள். திகதி வாரியாக அடுக்கி, படம் எடுத்து, இளையவர்கள் இருவரிடமாவது கொடுத்து வையுங்கள். யாரிடம் ஒப்படைத்தோம், யார் பார்த்தார்கள் என்று தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு அந்தக் கட்டுத்தான் பதில். எந்த ஆணைக்குழுவிடமிருந்தும் விடை வராததும், குற்றம் இன்னும் தொடர்கிறது என்பதற்கு ஓர் ஆதாரமே. ஒவ்வொருவரின் விடயமும் வேறு என்பதால் 2029 வரை காத்திராமல் இப்போதே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பிறகு ஒருநாள் அந்த அம்மாவைக் கண்டபோது, 2029உடன் முடிந்துவிடும் என்று யாரும் உங்களைப் பயப்படுத்த முடியாது, ஆனால் அதைத் தடுக்க நாங்கள்தான் வாதாடவேண்டும் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“அவங்கள் எங்க வச்சிருக்கிறம் எண்டு சொல்லுமட்டும் அது முடியாதுதானே தம்பி. இதுக்கு ஏன் இவ்வளவு நாடு சுத்தினனீங்கள்?” என்று கேட்டார்.